ஆறா, சாக்கடையா?

நந்திமலையில் பிறந்த தென்பெண்ணை, பாகலூருக்கு அருகே கொடியாளத்தில் தமிழகத்திற்குள் நுழைகிறது. பெயர் ஆறு, வருவதோ பெங்களூரின் சாக்கடை! ஏரிக்கு ஏரி மழைநீர் சுமந்த ராஜகால்வாய்களைச் சுருக்கினார்கள், மூடினார்கள், மேலே கட்டடம் எழுப்பினார்கள். கால்வாய் மறைந்தது, கழிவு மறையவில்லை. பெல்லந்தூர், வர்த்தூர் ஏரிகள் வழியே நம்மிடம் வருகிறது. 2015-ல் பெல்லந்தூர் ஏரியின் நுரை தீப்பற்றி எரிந்தது. தண்ணீர் மேல் தீ, தோழர்களே! கெலவரப்பள்ளி மதகு திறந்தால் நுரை மலைபோல் எழும்புகிறது. அந்த நீரைத்தான் நம் உழவன் வயலுக்குப் பாய்ச்சுகிறான்.

முடியாத காரியமா? கொரியாவின் சியோல் நகரில் 1958 முதல் மூடப்பட்ட சொங்கேச்சொன் ஓடையை, மேலிருந்த நெடும்பாலத்தையே இடித்து 2005-ல் மீட்டார்கள். சுத்திகரிக்காத சாக்கடை ஒரு சொட்டும் கொடியாளம் தாண்டலாகாது என்று கர்நாடக அரசை நாம் கேட்கிறோம். கன்னடத் தொழிலாளியோடு நமக்குப் பகையில்லை. அவனும் அந்த நாற்றத்தில்தான் குடியிருக்கிறான்.