சிறுதொழிலின் தோளில் ஏறும் விதிகள்

அரசு விதிக்கும் ஒரு கட்டுப்பாடு பெரிய ஆலைக்கும் சிறு பட்டறைக்கும் எழுத்தில் ஒன்றாகவே இருந்தாலும், அதற்கிணங்க நடப்பதற்கான சோதனைக் கட்டணமும் படிவ வேலையும் உற்பத்தி குறையக் குறைய ஒவ்வொரு பொருளின் அடக்கவிலையிலும் கூடுதலாக ஏறுகின்றன. இந்த ஏற்றத்தாழ்வை முன்கூட்டியே கணக்கிடுவதற்காக அமெரிக்கா 1980-இல் ஒழுங்குமுறை நெகிழ்வுச் சட்டத்தை இயற்றியது. அதன்படி, கணிசமான எண்ணிக்கையிலான சிறு நிறுவனங்களைப் பெரிதும் பாதிக்கக்கூடிய விதியை முன்மொழியும் அரசுத் துறை, அந்தப் பாதிப்பையும் சுமை குறைந்த மாற்று வழிகளையும் ஆராய்ந்து வெளியிட வேண்டும். அத்தகைய பாதிப்பு இல்லையென்று துறைத் தலைவர் சான்றளித்தால் ஆய்வு தேவையில்லை. இச்சான்று வசதியான புறவாசலாகப் பயன்படக்கூடியது என்பதைச் சொல்லவே வேண்டியதில்லை. அதை நீதிமன்றத்தில் எதிர்க்கும் வழி 1996-ஆம் ஆண்டுத் திருத்தத்தால்தான் திறந்தது.

மேலும், துறைகளின் விதிகளுக்கு இச்சட்டம் பொருந்துமேயன்றி, நாடாளுமன்றமே இயற்றும் சட்டங்களுக்குப் பொருந்தாது. பொம்மைகளில் ஈயம் கலந்திருந்தது கண்டறியப்பட்டதையடுத்து 2008-இல் வந்த நுகர்பொருள் பாதுகாப்பு மேம்பாட்டுச் சட்டம், குழந்தைகளுக்கான பொருள்களை உற்பத்தியாளரைச் சாராத ஆய்வகத்தில் சோதிக்கப் பணித்தபோது, சில நூறு மரப்பொம்மைகளை மட்டுமே கடைந்து விற்கும் கைவினைஞரும் பெருநிறுவனங்களோடு ஒரே வரிசையில் நின்றார். எதிர்ப்பு வலுக்கவே, ஆண்டு வருவாய் 10 இலட்சம் டாலருக்கும், ஒரே பொருளின் உற்பத்தி 7,500-க்கும் மிகாதவர்களுக்குச் சில சோதனைகளில் 2011-இல் சலுகை கிடைத்தது. எனினும் வண்ணப்பூச்சிலுள்ள ஈயத்துக்கான ஆய்வகச் சோதனை அவர்களுக்கும் கட்டாயமாகவே நீடிக்கிறது.