உலையில் இடும் முன் ஒரு பிடி

மிசோரம் மாநிலத்தில் அய்சால் நகரிலானாலும் சரி, மலைச்சரிவில் உள்ள சிற்றூரிலானாலும் சரி, பல கிறிஸ்தவக் குடும்பங்களின் அடுக்களையில் அரிசிப் பானைக்குப் பக்கத்தில் இன்னொரு சிறு பாத்திரம் இருக்கும். வீட்டுத் தலைவி வேளைக்கு வேண்டிய அரிசியை அளந்து எடுப்பார். உலையில் இடுவதற்கு முன், அதிலிருந்து ஒரு பிடி அள்ளி அந்தப் பாத்திரத்தில் போடுவார். காலையில் ஒரு பிடி, மாலையில் ஒரு பிடி. மிசோ மொழியில் இதற்குப் 'புஃபாய் தாம்' என்று பெயர். கைப்பிடி அரிசி என்பது பொருள்.

இப்படிச் சேரும் அரிசியைச் சபைப் பெண்கள் வீடு வீடாகச் சென்று திரட்டுவார்கள். சபை அதை விற்று, வரும் பணத்தை ஊழியத்துக்குச் செலவிடும். 1910-ம் ஆண்டில் தொடங்கிய வழக்கம் இது. மிஷனரிமார் அந்த மலைகளில் தங்கி ஊழியம் தொடங்கியது 1894-ல்தான். காசுப் புழக்கம் குறைந்த ஊர்கள். ஆலயத்தில் காணிக்கை எடுக்கும்போது கொடுப்பதற்குப் பெண்களிடம் என்ன இருந்தது? அவர்கள் கை ஆண்ட பொருள் அரிசி ஒன்றுதான்.

மூங்கில் பூத்த ஆண்டு

ஒரு பிடி அரிசி என்ன பெரிய காரியமா என்று தோன்றலாம். மிசோரத்தில் அது பெரிய காரியமே. அங்குள்ள மூங்கில் காடுகள் ஏறக்குறைய 48 ஆண்டுக்கு ஒருமுறை ஒருசேரப் பூத்துக் காய்க்கும். அதைத் தின்று எலிகள் பெருகும். மூங்கில் காய் தீர்ந்ததும் அவை வயலிலும் களஞ்சியத்திலும் புகும். பஞ்சம் வரும். 'மவுத்தாம்' என்று மக்கள் நடுங்கும் இந்தப் பஞ்சம், கைப்பிடி அரிசி தொடங்கிய மறு ஆண்டே, 1911-ல் வந்தது. மீண்டும் 1959-ல் வந்தது. அப்போது மூண்ட கசப்பு 1966-ல் ஆயுதக் கிளர்ச்சியாக வெடித்தது. 1967 முதல் ஊர் ஊராக மக்கள் பெயர்க்கப்பட்டு, காவலுக்குள் குடியமர்த்தப்பட்டார்கள். 1986-ல்தான் சமாதான உடன்படிக்கை கையெழுத்தாயிற்று. இத்தனைக்கும் பிறகு அந்தப் பாத்திரம் இன்னும் அடுக்களையில் இருக்கிறது.

உண்டு மீந்ததைக் கொடுப்பதல்ல இந்த வழக்கம். கொடுத்த பிறகே உலை ஏறும். கடைசிப் பிடி மாவில் தீர்க்கதரிசிக்கு முதலில் அடை சுட்டுக் கொடுத்த சாறிபாத் ஊர் விதவையைப் பற்றிப் பிரசங்கம் கேட்காத கிறிஸ்தவர் இல்லை. கேட்பது எளிது. ஒரு பிடி குறைந்தால் பந்தியில் யாருடைய தட்டில் சோறு குறையும் என்பதைத் தமிழ்க் குடும்பங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை!

பிடியரிசி தென்னாட்டுக்கும் புதிதல்ல. நெல்லைச் சீமையில் வெள்ளாளன்விளையில் பிறந்து, 1912-ல் தோர்ணக்கல் பேராயரான வேதநாயகம் அசரியா, ஏழைத் தெலுங்குக் கிறிஸ்தவர்களிடையே இதே பழக்கத்தை ஊக்குவித்தார். பிறர் பணத்தில் நிற்கும் சபை சபையாகாது என்பது அவர் எண்ணம்.

ஆளில்லாக் கடை

மிசோரத்தில் இன்னொரு காட்சியும் உண்டு. அய்சாலிலிருந்து செல்லிங் செல்லும் நெடுஞ்சாலையோரம் மூங்கில் தட்டிக் கடைகள். காய், பழம், கீரை, விலை எழுதிய அட்டை, பக்கத்தில் பணம் போட ஒரு டப்பா. கடைக்காரரைக் காணோம். அவர் கொல்லை வேலைக்குப் போயிருப்பார். வாங்குகிறவர் பணத்தைப் போட்டு, சில்லறையையும் தாமே எடுத்துக்கொள்வார். பிறருக்காகத் தன்னை ஒடுக்கிக்கொள்ளும் பண்பை மிசோ மக்கள் 'ட்லாம்ங்ஐனா' என்பார்கள். கிறிஸ்தவம் வருமுன்பே இருந்த பண்பு அது. மூடிய அடுக்களையில் யாரும் பார்க்காமல் ஒதுக்கப்படும் அரிசிக்கும் இந்த டப்பாவுக்கும் உறவு இல்லாமலில்லை.

இன்று கைப்பிடி அரிசியால் மிசோ சபைகளுக்குக் கிடைப்பது ஆண்டுக்குக் கோடிக் கணக்கான ரூபாய். பிற மாநிலங்களுக்கு ஊழியர்களை அனுப்புவது இந்தப் பணத்தின் பெரும் செலவு. ஆனால் ஒரு பிடி ஒரு பிடியாக அதைச் சேர்த்த பெண்களுக்கு, பிரஸ்பிட்டேரியன் சபையில் போதகர் பட்டம் பல பத்தாண்டுகளாக மறுக்கப்பட்டே வந்தது. இறையியல் படித்துப் பட்டம் பெற்ற மிசோப் பெண்கள் இதைப் பற்றிக் கேள்வி எழுப்பியிருக்கிறார்கள். அவர்கள் வீட்டு அடுக்களையிலும் அந்தப் பாத்திரம் உண்டு.