பழைய லேப்டாப்பில் வீடியோ எடிட்டிங்... எஸ்.எஸ்.டி வாங்கும் முன் இதைக் கவனியுங்க!

புதுக்கோட்டை மாவட்டம் சின்ன வீரமங்கலத்தில் 2018-ல் தொடங்கிய 'வில்லேஜ் குக்கிங் சேனல்', 2021-ல் ஒரு கோடி சந்தாதாரர்களைத் தொட்டது. அதுபோன்ற கனவோடு பழைய லேப்டாப்பில் எடிட் செய்பவரா நீங்கள்? ஹார்டு டிஸ்க்குக்குப் பதில் எஸ்.எஸ்.டி போட்டால் ஃபைல்கள் சட்டென்று திறக்கும். ஆனால் எக்ஸ்போர்ட் வேகம் பெரும்பாலும் பிராசஸரைப் பொறுத்ததே.

வாங்கும் முன் ஸ்லாட்டைப் பாருங்கள். சாட்டா எஸ்.எஸ்.டி நொடிக்குச் சுமார் 550 எம்.பி வேகம் தரும், நல்ல என்.வி.எம்.இ 3,000-ஐத் தாண்டும். சில லேப்டாப்களின் எம்.2 ஸ்லாட், சாட்டாவை மட்டுமே ஏற்கும். மாற்றி வாங்கினால் பணம் வீண்!

நொடிக்கு 100 மெகாபிட் அளவில் எடுத்த 4கே வீடியோ, மணிக்கு 45 ஜி.பி பிடிக்கும். எனவே 1 டி.பி நல்லது. எஸ்.எஸ்.டி பழுதானால் வீடியோக்களை மீட்பது கடினம். கழற்றிய ஹார்டு டிஸ்க் நல்ல நிலையில் இருந்தால், யு.எஸ்.பி கேஸில் போட்டு, அதில் ஒரு காப்பி வைத்துக்கொள்ளுங்கள்.