சேமித்த யூனிட்டும் இழுத்த யூனிட்டும்

2030-க்குள் இந்திய ரயில்வே 'நிகர பூஜ்ஜிய' கார்பன் உமிழ்வை எட்டும் என்பது அரசின் அறிவிப்பு. கெடு நெருங்க நெருங்க வாசகர் கடிதங்களில் குழப்பமும் கூடுகிறது. 'அகல ரயில் பாதை ஏறக்குறைய முழுவதும் மின்மயமாகிவிட்டது. பிறகும் உமிழ்வு எங்கிருந்து வருகிறது?' என்றுதான் பலர் கேட்டிருக்கிறார்கள்.

அனல்மின் நிலையத்திலிருந்து வருகிறது. டீசல் இன்ஜின் விடும் புகை ரயில்வேயின் சொந்தக் கணக்கில் ஏறும். அதற்கு ஸ்கோப் 1 என்று பெயர். அதே வண்டியை மின் இன்ஜின் இழுத்தால், எங்கோ ஒரு புகைபோக்கியில் எழும் கரி 'வாங்கிய மின்சாரம்' என்ற அடுத்த கணக்குக்குப் போய்விடும். ஸ்கோப் 1 இலக்கை 2025-லேயே எட்டிவிடுவோம் என்று ரயில்வே அமைச்சர் சொன்னதில் அந்த '1' முக்கியம். ரயில்வேயின் உமிழ்வில் பெரும்பங்கு இப்போது அதற்கு வெளியேதான் இருக்கிறது. மின்மயம் வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. டீசல் என்றைக்கும் டீசல்தான். மின்சாரம் நாளை சூரியனிலிருந்து வரலாம். ஆனால் இன்றைய கணக்கை இன்றைக்கே சரியாக எழுத வேண்டும்.

அந்தக் கணக்கைப் புரிந்துகொள்ள பிரேக்கைப் பார்த்தால் போதும். பழைய மின்ரயிலில் பிரேக் கட்டை சக்கரத்தைக் கவ்வும். ஓட்டத்தில் இருந்த ஆற்றலெல்லாம் சூடாகிக் காற்றில் போகும். மெட்ரோ முதல் பெரம்பூரில் தயாராகும் வந்தே பாரத் வரை, புதிய வண்டிகளில் பிரேக் போடும்போது மோட்டாரே ஜெனரேட்டராகிவிடுகிறது. சக்கரம் மோட்டாரைச் சுற்றும். அந்தச் சுமையே வேகத்தைக் குறைக்கும். பிறக்கும் மின்சாரம் மேலே உள்ள கம்பிக்குத் திரும்பும். அந்த நேரத்தில் பக்கத்து நிலையத்தில் கிளம்பும் வண்டி அதை எடுத்துக்கொள்ளும். ஒன்று நிற்கும் வேகத்தில் இன்னொன்று புறப்படுகிறது. அடிக்கடி நின்று கிளம்பும் மெட்ரோவுக்கு இதைவிடப் பொருத்தமான பொறியியல் எனக்குத் தெரியவில்லை.

இந்த பிரேக்குக்காக டெல்லி மெட்ரோ 2007-ல் ஐ.நா.வின் கார்பன் வரவுத் திட்டத்தில் பதிவுபெற்றது. உலகில் வேறு எந்த ரயில் திட்டமும் அதற்கு முன் இப்படிப் பதிவானதில்லை. 2004 முதல் 2007 வரை 11.25 கோடி யூனிட் மீட்கப்பட்டது, அதனால் 90,000 டன் கார்பன் டை ஆக்சைடு தவிர்க்கப்பட்டது என்பது கணக்கு. வகுத்துப் பாருங்கள்: யூனிட்டுக்கு 800 கிராம். நம் மின்தொகுப்பில் நிலக்கரி அவ்வளவு இருந்ததால்தான் ஒரு யூனிட் சேமிப்புக்கு அவ்வளவு மதிப்பு. இதில் தவறில்லை.

ஆனால் மிச்சம் பிடித்த யூனிட்டில் 800 கிராம் இருந்தால், அதே கம்பியிலிருந்து இழுத்த யூனிட்டிலும் 800 கிராம் இருக்கத்தானே வேண்டும்? சேமிப்பைச் சொல்லும்போது டன் கணக்கு வருகிறது. செலவைச் சொல்லும்போது 'மின்ரயில் புகையில்லாதது' என்ற ஒரு வரியோடு பேச்சு முடிகிறது. என்னை உறுத்துவது இதுதான். மத்திய மின்சார ஆணையத்தின் கணக்கில் இப்போதும் ஒரு யூனிட்டுக்குச் சுமார் 700 கிராம். அந்த எண்ணை வரவிலும் எழுதுங்கள், செலவிலும் எழுதுங்கள். மின்தொகுப்பு தூய்மையானால், பிரேக் எவ்வளவு நன்றாக வேலை செய்தாலும் அது 'தவிர்க்கும்' டன் குறையும். அந்தக் குறைவு நல்ல செய்தி.

'நிகர பூஜ்ஜியம்' என்பதில் அந்த 'நிகர' என்றால் என்ன? ஆண்டு முழுவதும் இழுத்த மின்சாரத்துக்கு ஈடாக எங்காவது, எப்போதாவது தூய மின்சாரம் உற்பத்தியானால் போதும் என்பதே நடைமுறையில் அதன் பொருள். ஆனால் உச்சிவெயிலில் உற்பத்தியான மின்சாரம், நள்ளிரவில் மதுரைக்கு ஓடும் பாண்டியன் எக்ஸ்பிரஸை இழுக்காது. ஆடி மாதக் காற்றில் முப்பந்தல் காற்றாலைகள் கொஞ்சம் கைகொடுக்கலாம். மற்ற இரவுகளில் பெரும்பாலும் நிலக்கரிதான்.

மற்றக் கேள்விகளுக்குச் சுருக்கமாக:

விமானமா, ரயிலா? நிலக்கரி மின்சாரத்தில் ஓடினாலும் ரயில்தான்.

ஹைட்ரஜன் ரயில்? தண்ணீரைப் பிரித்த மின்சாரம் எவ்வளவு தூய்மையோ, அந்த ரயிலும் அவ்வளவே.

நிலையக் கூரையில் சூரியத் தகடுகள்? விளக்குக்கும் விசிறிக்கும் உதவும், இன்ஜினுக்குப் போதாது.

காலியாக ஓடும் மெட்ரோ? ஆள் குறையக் குறைய ஒவ்வொருவர் பங்குக் கரியும் ஏறும்.

மெட்ரோ நிலையம்வரை காரில் போனால்? அந்தத் தூரத்தையும் கணக்கில் சேருங்கள். தெருமுனைக்கு மினி பேருந்து கேட்டு மனு எழுதுங்கள்.