மலைப்பாம்புக்கு எவ்வளவு நீளக் கூண்டு?

வெள்ளவத்தையிலிருந்து காலி வீதியால் தெற்கே போனால் தெஹிவளை மிருகக்காட்சிசாலை. அங்கே சுருண்டு கிடக்கும் மலைப்பாம்பைப் பார்ப்பவருக்கு, அதற்குச் சின்னப் பெட்டியே போதும் என்றுதான் தோன்றும்.

போதாது. சுருள்வதைப் போலவே முழு உடலையும் நீட்டிக் கிடப்பதும் பாம்பின் இயல்பு. மூன்று மீட்டர்ப் பாம்பு ஒரு மீட்டர்ப் பெட்டியில் ஒருநாளும் நிமிராது. கூண்டு பாம்பின் நீளத்துக்குக் குறையக்கூடாது என்று ஊர்வன ஆய்வாளர் கிளிபர்ட் வார்விக்கும் சகாக்களும் 2019இல் எழுதினார்கள். மிக நியாயமான கோரிக்கை.

நீளம் வெப்பத்துக்காகவும் வேண்டும். இரை விழுங்கிய பாம்பு, செரிப்பதற்குச் சூடான மூலையைத் தேடும். சூடு மிஞ்சினால் குளிர்ந்த பக்கம் நகரும். குட்டைப் பெட்டியில் எல்லா மூலையும் ஒரே வெப்பம். குளிர்நாடுகளில் விளக்குப் பூட்டிச் சூடேற்றுவார்கள். கொட்டாஞ்சேனையில் நெருக்கமான வீடொன்றின் தகரக் கூரைக்குக் கீழே சிக்கல் நேர்மாறானது: குளிர்ந்த பக்கம்தான் கிடைக்காது. ஒதுங்க இடமில்லாத பாம்பு வெப்பத்தில் செத்தே போகலாம். நிழலும், முழு உடலும் அமிழும் தண்ணீர்த் தொட்டியும் அவசியம்.

ஆனாலும் இலங்கையில் மலைப்பாம்பை வீட்டில் வளர்க்க முடியாது; 1937ஆம் ஆண்டின் வனவிலங்கு, தாவரப் பாதுகாப்புக் கட்டளைச் சட்டம் அதைக் காக்கிறது. வளவுக்குள் வந்துவிட்டால் பிடித்து அடைக்காமல் வனஜீவராசிகள் திணைக்களத்துக்கு அறிவிக்க வேண்டும்.