நூல் ஓடிய மில்லின் பெயரைச் சொல்லுங்கள்

லண்டன் கடையில் தொங்கும் பனியன் திருப்பூரில் தைத்தது என்பதுவரை கடைக்காரருக்குத் தெரியும். அதன் நூல் எந்த மில்லில் ஓடியது என்று கேட்டால் பெரும்பாலும் பதில் இருக்காது.

திண்டுக்கல், ஈரோடு, கோவை வட்டார நூற்பாலைகளில் ‘சுமங்கலித் திட்டம்’ நடந்த விதம் நமக்குத் தெரியும். வானம் பார்த்த ஊர்களுக்கு ஏஜென்ட் வருவார். மகளை 3 வருஷம் அனுப்புங்கள், முடிவில் மொத்தமாக 30,000 ரூபாயோ 50,000 ரூபாயோ வரும், கல்யாணச் செலவுக்கு ஆச்சு என்பார். மில் வளாகத்திலேயே ஹாஸ்டல். செல்போன் கூடாது, தனியாக வெளியே போகக் கூடாது. பஞ்சுத் தூசியில் மூச்சு முட்டியோ, நைட் ஷிப்ட் தாங்காமலோ பாதியில் வீடு திரும்பினால் அந்தத் தொகை போனதுதான். பெண்ணை அங்கேயே கட்டிப்போட அந்தப் பயம் போதும்.

பிரிட்டனின் 2015-ஆம் ஆண்டுச் சட்டம், ஆண்டு விற்றுமுதல் 3.6 கோடி பவுண்டை எட்டிய நிறுவனங்களிடம் நவீன அடிமைத்தனம் பற்றி ஆண்டறிக்கை கேட்கிறது. ‘எந்த நடவடிக்கையும் எடுக்கவில்லை’ என்று எழுதிவிட்டாலும் சட்டப்படி கடமை முடிந்தது! ஆஸ்திரேலியா 2018-இல் 10 கோடி டாலர் என்று கோடு போட்டது. 2023-இல் அந்தச் சட்டத்தை ஆராய்ந்த ஜான் மெக்மில்லன், கோட்டை 5 கோடிக்கு இறக்கச் சொன்னார். நல்ல யோசனைதான். ஆனால் கோடு எங்கே இருந்தாலும் அதற்குக் கீழே ஆட்கள் இருப்பார்கள். இங்கிலாந்தின் லெஸ்டர் நகரில், சட்டக் கூலியில் பாதிகூடத் தராத தையல்கூடங்கள் 2020-இல் அம்பலமாயின. பலவும் சின்னப் பட்டறைகள்.

ஆகவே பணத்தை விட்டுவிட்டுத் தொழிலைப் பார்க்க வேண்டும். ஆயத்த ஆடை, இறால், கிரானைட் போன்ற ஆபத்து தெரிந்த தொழில்களில் சரக்கு வாங்கும் எல்லோரும், சின்ன இறக்குமதியாளர் உட்பட, அறிக்கை தர வேண்டும். சின்னவர்களுக்கு ஒரு பக்கம் போதும்: மில் எது, எந்த ஊர், ஹாஸ்டல் உண்டா, சம்பளம் மாதாமாதம் முழுசாகக் கைக்குப் போகிறதா. சீருடைக்கு டெண்டர் விடும் அரசுத் துறைகளுக்கும் விலக்கு கூடாது.

இங்கே இந்தியாவில், பங்குச் சந்தையை ஒழுங்குபடுத்தும் செபி, அந்தச் சந்தையின் முதல் 1,000 நிறுவனங்களிடம் கட்டாய உழைப்பு பற்றிக் கேட்கிறது. நம் நூற்பாலைகளில் பெரும்பாலானவை பங்குச் சந்தைப் பக்கமே போகாதவை. கொத்தடிமை முறையை 1976-லேயே சட்டம் போட்டு ஒழித்த நாட்டில் இந்த ஓட்டையை விட்டுவைத்திருப்பது அநியாயம்.

அறிக்கை உண்மையா என்று பார்க்கவும் ஆள் வேண்டும். திண்டுக்கல் பக்கம் ஒரு பெண் தொழிலாளி கொல்லப்பட்ட பிறகு, 2022-இல் தொழிற்சங்கமும் ஆடை நிறுவனங்களும் சேர்ந்து ‘திண்டுக்கல் ஒப்பந்தம்’ போட்டன. அதன்படி தொழிலாளர்களிலிருந்தே கண்காணிப்பாளர்களைத் தேர்ந்தெடுத்துச் சங்கம் பயிற்சி கொடுத்தது. ஆடிட்டர் வரும் நாளில் மட்டும் மில் எப்படி மாறும் என்பது அவர்களுக்குத் தெரியும். நிறுவனங்களின் அறிக்கையில் அவர்கள் கையெழுத்தும் இருக்க வேண்டும் என்று சட்டத்திலேயே எழுத வேண்டும்.