ஆலை மூடும்வரை காத்திருக்கலாமா?

சென்னைக்குத் தெற்கே மறைமலைநகரில் இருபது ஆண்டுகளுக்கு மேலாகக் கார்களைச் செய்துவந்த ஃபோர்டு நிறுவனம், இந்தியாவில் தன் உற்பத்தியை நிறுத்திக்கொள்ளப் போவதாக 2021 செப்டம்பர் 9ஆம் தேதி பிரகடனம் செய்தபோது, அத்தொழிற்சாலையின் தொழிலாளர்கள் அன்றைக்கே வேலையை இழந்துவிடவில்லை. அடுத்த ஆண்டின் நடுப்பகுதி வரையில் உற்பத்தி நடைபெறும் என்று சொல்லப்பட்டிருந்தமையால், சம்பளம் மாதந்தோறும் வந்துகொண்டிருக்க, அந்தச் சம்பளம் எந்த மாதத்தோடு நிற்கும் என்பது மட்டும் திட்டமாகத் தெரியாத ஓர் இடைக்காலம் அவர்களுக்கு நேர்ந்தது. இன்று ஆலைகளில் மட்டுமன்றி மென்பொருள் ஸ்தாபனங்களிலும் இவ்வகை இடைக்காலம் சகஜமாகிவிட்டது. வெளியே ஒரு வேலை கிடைக்கிறது. உள்ளே செட்டில்மென்ட் வரப்போகிறது என்கிறார்கள். போவதா, இருப்பதா என்று குடும்பமே கூடி யோசிக்கிறது.

இந்த யோசனைக்கு அஸ்திவாரமாக இருக்கவேண்டியது சட்டம். ஓராண்டுக்குக் குறையாமல் தொடர்ந்து பணியாற்றிய தொழிலாளியை ஆட்குறைப்புச் செய்வதானால், ஒரு மாத முன்னறிவிப்பும், பூர்த்தியான ஒவ்வோர் ஆண்டுக்கும் 15 நாள் சராசரி ஊதியமும் தரவேண்டும் என்று 1947ஆம் ஆண்டின் தொழில் தகராறுச் சட்டம் விதித்தது; 2020ஆம் ஆண்டின் தொழில் உறவுத் தொகுப்புச் சட்டமும் அந்த 15 நாள் அளவையே கைக்கொண்டிருக்கிறது. ஆனால் இந்த நஷ்டஈடு, நிர்வாகம் தானாக வேலையிலிருந்து நீக்கும்போது எழுகின்ற உரிமையே தவிர, தொழிலாளி தானாக ராஜினாமா செய்யும்போது எழுவதன்று. ஐந்தாண்டுப் பணியை முடித்தவருக்குரிய கிராஜுவிட்டி ராஜினாமா செய்தாலும் உண்டு, பி.எஃப். பணமும் அவருடையதே. ஆகவே முன்கூட்டியே விலகுகிறவர் இழப்பது நஷ்டஈடு ஒன்றைத்தான். நிர்வாகப் பொறுப்பிலுள்ள அதிகாரிகளோ சட்டத்தின் பார்வையில் தொழிலாளர் அல்லர்; நியமன உத்தரவில் எழுதியிருப்பதும் நிர்வாகம் மனமிசைந்து தருவதுமே அவர்களுக்குக் கதி.

அந்த இழப்பு எவ்வளவு பெரிதாகலாம் என்பதற்கு மறைமலைநகரே சாட்சி. 2022 மே மாத இறுதியில் தொழிலாளர்கள் வேலைநிறுத்தத்தில் இறங்கினார்கள். ஜூன் மாதம் நிர்வாகம் ஆண்டொன்றுக்குச் சுமார் 115 நாள் மொத்தச் சம்பளம் தருவதாக முன்வந்தது. பேச்சுவார்த்தை நீண்டு அத்தொகை பின்னர் மேலும் உயர்ந்தது. மாதம் 40,000 ரூபாய் சம்பளத்தில் பத்தாண்டு உழைத்த ஒருவரை வைத்துக் கணக்கிட்டால், சட்டத்தின் 15 நாள் வீதம் அவருக்கு 2 லட்சம் ரூபாய். 115 நாள் வீதம் 15 லட்சத்துக்கும் அதிகம். பிரகடனத்தைக் கேட்டவுடனேயே அச்சத்தினால் எழுதிக்கொடுத்துவிட்டுப் போகிறவருக்கும், சங்கத்தோடு நின்று காத்திருந்தவருக்கும் இடையே இவ்வளவு பெரிய வித்தியாசம் உண்டாகக்கூடும்.

இதனால்தான், நீண்ட காலம் பணியாற்றியவர், கொடுக்கும் சக்தியுள்ள நிறுவனத்தில் இருப்பாராயின், காத்திருப்பதே தகும் என்பது என் அபிப்பிராயம். ஆனால் "கொடுக்கும் சக்தியுள்ள" என்ற நிபந்தனையை வாசகர்கள் ஊன்றிக் கவனிக்க வேண்டும். 2019 ஏப்ரல் 17ஆம் தேதி விமானங்களை நிறுத்திய ஜெட் ஏர்வேஸ், மீண்டும் பறக்கும் என்ற நம்பிக்கை ஐந்தாண்டுகளுக்கு மேல் நீதிமன்றங்களில் இழுபட்ட பிறகு, 2024 நவம்பரில் உச்ச நீதிமன்றத்தின் உத்தரவால் கலைக்கப்படும் நிலையை அடைந்தது. திவாலான நிறுவனத்தின் சொத்தை விற்றுப் பங்கிடும்போது, தொழிலாளரின் 24 மாத ஊதியப் பாக்கி வங்கிகளின் ஈட்டுக்கடனோடு சமமாக நிற்கும். மற்ற ஊழியரின் பாக்கியோ 12 மாத அளவுக்கு, அதற்கும் கீழ்ப்படியில்தான் நிற்கும். சம்பளம் தாமதமாகிறதா, பிடித்தம் செய்த பி.எஃப். தொகை மாதந்தோறும் பாஸ்புக்கில் வரவாகிறதா என்பதை ஊழியர் தம் கைப்பேசியிலேயே பார்த்துக்கொள்ளலாம். இரண்டு மாத வரவு விடுபட்டிருக்கக் கண்டால், செட்டில்மென்ட்டை நம்பி வேறு வேலையை மறுப்பது பெரும் அபாயம்.

சர்வீஸ் குறைந்தவர்களின் நிலையும் வேறு. இரண்டாண்டு மட்டும் வேலை பார்த்த இளைஞருக்குச் சட்டப்படி நஷ்டஈடாகச் சேரவேண்டியது ஒரு மாத ஊதியமே. அதற்காக நல்ல வேலையொன்றைக் கைநழுவ விடுவதில் நியாயமில்லை. நடுத்தர வயதினர் மட்டும், காத்திருக்கும் மாதங்களில் வரும் சம்பளத்தையும் எதிர்பார்க்கும் தொகையையும் ஒரு பக்கத்திலும், புதிய வேலையின் சம்பளத்தையும், அதை விட்டால் இன்னொன்று அகப்படுவதிலுள்ள சிரமத்தையும் மறு பக்கத்திலும் எழுதி, நிதானமாக ஒப்பிட்டுப் பார்க்கவேண்டும். புதிய இடத்தில் சேரும் தேதியைச் சில வாரம் தள்ளித் தரும்படி கேட்பதில் இழுக்கொன்றுமில்லை. பழைய இடத்தில், நஷ்டஈட்டோடு முன்னதாக விடுவிக்கும்படி எழுத்துமூலம் வேண்டுவதிலும் இல்லை.

எல்லாவற்றிலும் என் மனத்தை வருத்துவது வேறொன்று. ஹெச்.ஆர். அறைக்கு ஒருவரைத் தனியாக அழைத்து, "சொந்தக் காரணங்களால் விலகுகிறேன்" என்று முன்னதாகவே அடித்து வைத்த தாளை நீட்டி, இன்றே கையெழுத்திட்டால் அனுபவச் சான்றிதழில் மாசு இராது என்று இதமாகச் சொல்கிறார்கள். பத்தாண்டு உழைப்பின் உரிமை அந்த ஒரு வரியில் போய்விடுகிறது. நிர்வாகம் வாயால் சொன்ன தொகையும் தேதியும் கடிதமாகவோ மின்னஞ்சலாகவோ கைக்கு வரும்வரையில், சங்கத்தையோ தொழிலாளர் நல அலுவலகத்தையோ ஒரு வழக்கறிஞரையோ கலந்து ஆலோசிக்கும்வரையில், அந்தத் தாளில் தயவுசெய்து கையெழுத்திடாதீர்கள்.